ஆமை வேண்டாம், மரவட்டை இருக்கட்டும்

சட்டென்று கலங்குகிற பிள்ளைகளை மிருகப் படம் வைத்து வகுப்பில் எப்படிப் புரிந்துகொள்வது என்று எழுதப்போகிறேன். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், நான்காம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மிருகப் பெயர் வைத்தேன். குணத்துக்கு ஏற்ற மிருகம். கலர் சார்ட்டில் வெட்டி ஒட்டி, பெயரெழுதி, சுவரில் மாட்டியாயிற்று. வேகமாகக் கணக்குப் போடுகிறவன் சிறுத்தை, ஓயாமல் பேசுகிறவள் கிளி. கடைசி வரிசையில் ஒரு பையன், குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவதுபோல் எழுதுவான். அவனுக்கு ஆமை. பாராட்டாக நினைத்துத்தான் வைத்தேன். ஆமைதானே முயலை ஜெயித்தது? மறுநாள் சத்துணவு வரிசையில் "ஏய் ஆமை, நகருடா" என்று ஒரு குரல் கேட்டது. மூன்றாம் நாள் அவன் வரவில்லை. அவனுடைய அப்பத்தா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஆமை புகுந்த வீடு வெளங்காதும்பாக. எம்பேரனுக்கா டீச்சர் அந்தப் பேர வச்சீக?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. அன்று சாயங்காலமே சார்ட்டைக் கிழித்துப்போட்டேன்.

யோசனையை மட்டும் விடவில்லை. எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிற, சத்தத்துக்கு ஒடுங்குகிற, கேட்டால் பதில் சொல்லாத பிள்ளைகளிடம் "உனக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வார்த்தை கிடையாது. ஒரு மிருகத்தைக் காட்டினால் விரல் நீட்டுகிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவும். நான் இப்போது செய்கிற முறையைக் கீழே எழுதுகிறேன். கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில், 26 பிள்ளைகள் உள்ள வகுப்பில் பழகியது. உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மாணவனை மிருகத்தோடு ஒப்பிடுவது நம் ஊருக்குப் புதிதில்லை. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் செய்துவிட்டார். அன்னமும் பசுவும் போன்றவர்கள் முதல் மாணாக்கர், மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டும் பன்னாடை) கடை. தமிழாசிரியர்கள் இன்றும் பிள்ளைகளைத் திட்ட இதைப் பயன்படுத்துகிறார்கள். கவனித்தீர்களா, அது தரம் பிரிக்கிற பட்டியல். என் சார்ட்டும் அதைத்தான் செய்தது. சிறுத்தை எங்கே, ஆமை எங்கே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ரோஜாக் குழு, மல்லிகைக் குழு, தாமரைக் குழு என்று பிரித்தாலும் ஒரே வாரத்தில் எது மக்குக் குழு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பவணந்தியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பசுவை மட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மற்றது அமெரிக்காவிலிருந்து. எலைன் ஆரன், ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளர்கள் 1997-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிலர் பிறவியிலேயே மற்றவர்களைவிட நுட்பமாக உணர்கிறவர்கள், இது நோயில்லை, ஒரு சுபாவம் என்பது அதன் சாரம். பிற்பாடு எலைன் ஆரன் அதற்கு நான்கு அடையாளம் சொன்னார்: எதையும் ஆழமாக அசைபோடுவது, சத்தமும் நெரிசலும் கூடினால் திணறிப்போவது, அடுத்தவர் வலியைத் தன் வலியாக எடுத்துக்கொள்வது, யாருக்கும் படாத சின்ன மாற்றம் தனக்குப் படுவது. 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு, பெரியவர்களை மூன்றாகப் பிரித்தது. மிக நுட்பமாக உணர்கிறவர்கள் 31 சதவீதம், நடுவில் 40, அதிகம் பாதிக்கப்படாதவர்கள் 29. அந்த மூன்று கூட்டத்துக்கும் அவர்கள் ஆர்க்கிட், டூலிப், டான்டலியன் என்று பூப்பெயர் வைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் மூன்றையும் பார்த்ததில்லை. அதனால் நான் நாலு அடையாளத்துக்கும் ஊரில் திரிகிற நாலு உயிரைப் பிடித்தேன்.

மிருகத்துக்கு முன்னால் ஒரு நோட்டு

நேராகப் படம் வரையப் போய்விடாதீர்கள். இரண்டு வாரம் சும்மா கவனியுங்கள். 40 பக்க நோட்டு ஒன்று போதும். யார் அழுதார்கள் என்று எழுதவேண்டாம், அழுவதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

எங்கள் பள்ளி மணி, வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. ஐந்தாம் வகுப்புப் பையன் இரும்புக் கம்பியைக் கையில் எடுக்கும்போதே என் வகுப்பில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொள்வாள். மணி அடிப்பதற்கு முன்னால். ஒரு மாதமாக அவளைச் "சேட்டை" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டில் நான்கு நாள் எழுதிய பிறகுதான் உறைத்தது. அவள் அப்பா ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். சொந்தக்காரர்கள் வெளியூரில், வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். முகப்பிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடு. அதில் இவர்கள் மூன்று பேர், மேலே வௌவால், கீழே ஆத்தங்குடிக் கல். காலடி வைத்தால் அதுவே எதிரொலிக்கும். அங்கிருந்து 26 பேர் கத்துகிற அறைக்கு வருகிறாள். வேறு எப்படி இருப்பாள்?

நோட்டில் இன்னும் என்னவெல்லாம் சிக்கும் தெரியுமா? புதுச் சட்டையின் கழுத்துப்பட்டையில் இருக்கும் லேபிள். முட்டை வாசனை. பக்கத்துப் பையனை நான் அதட்டியது. ஆமாம், அதட்டியது ஒருவனை, அழுதது இன்னொருத்தி.

நாலு பேர்

மரவட்டை. மிருகமா என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் கேட்கவில்லை. ஐப்பசி மழை விழுந்ததும் எங்கள் செம்மண்ணில் எங்கு பார்த்தாலும் ஊரும். அந்தச் சமயத்தில் ஆரம்பிப்பது நல்லது. எல்லாரையும் வெளியே கூட்டிப்போய்க் குத்துக்காலிட்டு உட்காரவைத்து, ஒன்றைக் குச்சியால் லேசாகத் தொட்டுக் காட்டினேன். சட்டென்று சுருண்டு காசு மாதிரி ஆயிற்று. ஒருவன் அதை விரித்துப் பார்க்கக் கை நீட்டினான். "விரிக்காதே, சும்மா பாரு" என்றேன். எண்ண ஆரம்பித்தார்கள். நூறு தாண்டியது, நூற்றைம்பது தாண்டியது, பாதிப் பேர் எழுந்துபோய்விட்டார்கள். மணிக்குக் காதைப் பொத்துகிற அந்தப் பெண் மட்டும் அசையவில்லை. கடைசியில் மரவட்டை தானாக விரிந்து, ஒன்றும் நடக்காததுபோல் நடந்துபோனது. "யாரும் தொடலைன்னா அதுவே வந்துரும்" என்று சொன்னாள், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. அவளைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் இருந்தது.

திணறிப்போகிற பிள்ளைகளுக்கு மரவட்டை. சுருண்டிருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள், "ஏம்மா அழுவுற" என்று முகத்தைத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒரு மூலை, ஒரு பாய், பத்து நிமிஷம். பெரும்பாலும் அதற்குள் எழுந்து வருவார்கள்.

பசு. நன்னூல் பசு கிடைத்த புல்லை வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, ஓரிடத்தில் போய் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரைகூட அசைபோடும். சில பிள்ளைகள் அப்படி. கேள்வி கேட்டதும் விழிப்பார்கள், அடுத்த பாடம் பாதி நடக்கும்போது முந்தின கேள்விக்குச் சரியான பதில் வரும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று விநாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். செய்து பாருங்கள், நமக்குத்தான் நாக்கு அரிக்கும். நான் புடவைத் தலைப்பில் மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு நிற்பேன்.

பசுக்காரர்களுக்கு இன்னொன்றும் செய்யலாம். நாளைக்குக் கேட்கப்போகும் கேள்வியை இன்றைக்கே கொடுத்தனுப்புங்கள். மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா என்று ஒரு சக ஆசிரியை கேட்டார். எல்லாருக்குமே கொடுங்கள் என்றேன். சிறுத்தைகள் எப்படியும் வீட்டில் பார்க்கப்போவதில்லை.

பூனை. சின்ன மாற்றம் படுகிறவர்கள். பூனையின் காது தனித்தனியாகத் திரும்பும், நம் காதுக்கு எட்டாத கீச்சொலியும் அதற்குக் கேட்கும். "டீச்சர், நேத்து இந்தப் படம் நேரா இருந்துச்சு" என்பார்கள். ஒருத்தி காலையில் என் முகத்தைப் பார்த்ததும் "வீட்டுல சண்டையா டீச்சர்?" என்றாள். சண்டைதான். இவர்களுக்கு அதிகம் செய்யவேண்டியதில்லை. இடத்தை மாற்றப்போனால் முந்தின நாளே சொல்லுங்கள், பொய் மட்டும் சொல்லாதீர்கள், பிடித்துவிடுவார்கள். நோட்டுத் திருத்தும்போது பக்கத்தில் உட்காரவைத்தால் எழுத்துப்பிழை ஒன்று தப்பாது.

யானை. அடுத்தவர் வலியைச் சுமக்கிறவர்கள். தாய்லாந்தில் ஆசிய யானைகளைக் கவனித்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு யானை மிரண்டால் மற்ற யானை பக்கத்தில் போய்த் தும்பிக்கையால் முகத்தைத் தொடுகிறது, தானும் சன்னமாகக் குரல் கொடுக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானை என்றால் குன்றக்குடிக் கோயில் சுப்புலட்சுமிதான். 2024 செப்டம்பரில் கொட்டகையில் தீப்பிடித்து அது செத்துப்போனபோது, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது எப்படித் துடித்திருக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "அதையே நினைக்காதே" என்று சொல்லிப் பயனில்லை. யானை இருந்தால் என்ன கொடுப்பாய் என்று கேட்டேன். வெல்லம் என்றான். வீட்டிலிருந்து ஒரு அச்சு வெல்லம் கொண்டுவந்தான், உடைத்து வகுப்பு முழுக்கக் கொடுத்தோம். அன்று மதியம் சாப்பிட்டான். இந்தப் பிள்ளைகளுக்குச் சோகத்தைக் கையால் செய்கிற ஒரு வேலையாக மாற்றிக் கொடுக்கவேண்டும். இவர்களை வைத்துக்கொண்டு இன்னொருவனை அடிப்பதோ அதட்டுவதோ கூடாது. யாரையுமே அடிக்கக்கூடாது, அது வேறு.

சில உயிர்களை நான் சேர்ப்பதே இல்லை. காக்கா, எருமை, குரங்கு, பன்றி, பல்லி. நிறத்தையும் சாதியையும் உருவத்தையும் குத்திக்காட்ட ஊரில் ஏற்கனவே வைத்திருக்கிற பெயர்கள் அவை. ஆந்தையும் வேண்டாம், வீட்டில் அபசகுனம் என்பார்கள். ஆமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அட்டை செய்வது

பழைய மாதக் காலண்டரின் பின் அட்டை கெட்டியாக இருக்கும். உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்கள். படத்தை நீங்கள் வரையாதீர்கள், அவரவர் வரையட்டும். பசுவுக்கு ஆறு கால் இருந்தாலும் பரவாயில்லை. கதவோரம் ஒரு கொடி, நாலு துணிக் கிளிப். அவ்வளவுதான் செலவு.

எந்தப் பிள்ளைக்கும் நாம் மிருகம் ஒதுக்கக்கூடாது. காலையில் வரும்போது மாட்டவேண்டும் என்று தோன்றுகிறவர்கள் மாட்டட்டும், தோன்றாதவர்கள் விடட்டும். மாட்டியதை மத்தியானம் மாற்றலாம். "இன்னைக்கு நான் மரவட்டை" என்று தன்னைச் சொல்லலாம். "நீ மரவட்டை" என்று அடுத்தவரைச் சொல்லக்கூடாது. எங்கள் வகுப்பில் இருக்கிற ஒரே சட்டம் அது. ஏன் மாட்டினாய் என்று நானும் கேட்பதில்லை. சத்தம் போடுகிற சிறுத்தைகளுக்கும் அட்டை உண்டு, அவர்களை விட்டுவிட்டால் இது அழுமூஞ்சிகளின் விளையாட்டு ஆகிவிடும். எனக்கும் ஓர் அட்டை இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் பெரும்பாலும் மரவட்டைதான், அதைப் பார்த்தால் வகுப்பே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கொஞ்சம் சுயநலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் நாலோடு நிற்கமாட்டார்கள். ஒருவன் நாரை வரைந்துகொண்டு வந்தான். அவனுடைய மாமா ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. அங்கே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் மழைக்காலத்தில் வந்து தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை, இது பல வருஷப் பழக்கம். "எனக்கும் வெடிச் சத்தம் புடிக்காது டீச்சர், நான் நாரை" என்றான். அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்துகொண்டிருந்தவர்கள், ஒரு ஊரே வெடிக்காமல் இருக்கிறது என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் இதைச் சொல்லுங்கள், நன்றாக எடுபடும்.

அட்டை மாட்டினால் மட்டும் ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டையைப் பார்த்து நாம் எதையாவது மாற்றினால்தான் பிள்ளைக்கு நம்பிக்கை வரும். எங்கள் தண்டவாளத் துண்டை வகுப்பு வாசலை ஒட்டிய கிளையிலிருந்து அவிழ்த்து, மைதானத்துப் பக்கக் கிளைக்கு மாற்றினோம். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்க மூன்று வாரம் ஆனது, மாற்ற ஐந்து நிமிஷம். மணி அடிக்கிற பையன் ஜன்னலில் வந்து இரண்டு விரல் காட்டிவிட்டுப் போவான், இன்னும் இரண்டு நிமிஷம் என்று. அந்தப் பெண் இப்போதும் காதைப் பொத்துகிறாள். ஆனால் பொத்திக்கொண்டே எழுதிக்கொண்டிருந்த வரியை முடிக்கிறாள். ஒரு கையால் பொத்தினால் போதும் என்று ஆகிவிட்டது.

வீட்டில் சொல்வது

இங்கேதான் சறுக்கும். "உங்க பிள்ளை ரொம்ப சென்சிட்டிவ்" என்று ஆரம்பித்தால், பெற்றவர்கள் காதில் "கோளாறு" என்று விழும். நான் மிருகப் பேச்சையே எடுப்பதில்லை. நோட்டைத் திறந்து நடந்ததைச் சொல்வேன், வீட்டில் எப்படி என்று கேட்பேன்.

ஓர் ஐயா சண்டைக்கே வந்துவிட்டார். "பொத்திப் பொத்தி வளக்குறீக டீச்சர். ஆம்பளப் புள்ள இப்புடி அழுதா நாளைக்கு சிராவயல் மஞ்சுவிரட்டுல எப்புடி நிப்பான்?" அவர் வீட்டில் காளை வளர்க்கிறார்கள்.

"காளைக்குத் தண்ணி காட்டுறது யாருங்கய்யா?" என்றேன்.

"இவந்தான். வேற யாரு கிட்டப் போனாலும் முட்ட வருது."

"இவன்கிட்ட?"

கொஞ்ச நேரம் துண்டை உதறிக்கொண்டு நின்றார். "அது இவன் காலடிச் சத்தத்துக்கே காது திருப்பும்" என்றார். அப்புறம் மஞ்சுவிரட்டைப் பற்றிப் பேசவில்லை. பையனை வீட்டில் அதட்டுவதை நிறுத்திவிட்டாரா என்றால், இல்லை. குறைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சுபாவம் என்று விட்டுவிடவும் கூடாது. வீட்டில் நன்றாகப் பேசுகிற பிள்ளை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போகிறது, முன்பு கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிவிட்டது என்றால் அட்டை விளையாட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். யாராவது தொந்தரவு செய்கிறார்களோ என்று சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்கவேண்டாம். மரவட்டை தானாக விரியும் என்று நான் சொன்னது அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும் கை விலகிய பிறகுதான்.

வருஷக் கடைசியில் அட்டைகளை அவரவரிடமே கொடுத்தனுப்பிவிடுங்கள். அடுத்த வகுப்பு ஆசிரியர் "இதுல மரவட்டை யாரு?" என்று கேட்பார், எல்லாரும் கேட்பார்கள். சொல்லாதீர்கள். பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: மணிக்கு முன் சொல்லவும். மூன்று விநாடி காத்திருக்கவும். இடம் மாற்றினால் முந்தின நாளே சொல்லவும். என் 40 பக்க நோட்டிலிருந்து கடைசியில் தேறுவது ஒரு பக்கம்தான், அதை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டு லீவுக்குப் போவேன்.